கிராமி வின்னர் லிஸ்ட்ட எப்படி படிக்கிறது, அதுலேர்ந்து எப்படி பாட்டு கேக்கிறது

வருஷா வருஷம் பிப்ரவரி வந்தா அமெரிக்காவோட பெரிய இசை விருதான கிராமி வரும், மறுநாள் நியூஸ்ல நாலு பேர் போட்டோ வரும், யார் என்ன டிரெஸ் போட்டாங்கனு வரும், நம்மாளு யாராவது ஜெயிச்சிருந்தா 'கிராமி வென்ற இந்தியர்'னு ஒரு பெட்டிச் செய்தி வரும், அவ்ளோதான், ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம். ஏன்னா அந்த முழு லிஸ்ட் இருக்கே, 2025 பிப்ரவரி 2-ம் தேதி நடந்த 67-வது விழாவுல மட்டும் மொத்தம் 94 பிரிவு, ஓபராலேர்ந்து மெட்டல் வரைக்கும், குழந்தைங்க பாட்டுலேர்ந்து ஆல்பம் அட்டை டிசைன் வரைக்கும், ஒரு வருஷத்துல இசை உலகத்துல என்னென்ன நடந்துச்சுங்கறதுக்கு ஒரே இடத்துல கிடைக்கிற மேப் அது. நானும் முதல்ல மேல இருக்கிற நாலு பேர மட்டும் தான் கேட்டுட்டு இருந்தேன், ஒரே வாரத்துல அலுத்துடும். அப்புறம் தான் லிஸ்ட்ட கீழேர்ந்து படிக்க ஆரம்பிச்சேன். எப்படி படிக்கிறதுனு எனக்கு தெரிஞ்சத சொல்றேன், உதாரணத்துக்கு அந்த 67-வது லிஸ்ட்டயே எடுத்துக்கலாம்.

முதல்ல வருஷக் கணக்கு. இதுல தான் பாதி பேர் குழம்புறாங்க. 2025 கிராமினா 2025-ல வந்த பாட்டு இல்ல. அந்த விழாவுக்கான கணக்கு 2023 செப்டம்பர் 16-லேர்ந்து 2024 ஆகஸ்ட் 30 வரைக்கும் வந்த பதிவுங்க. அதனால தான் 2024 நவம்பர்ல ராப் பாடகர் கெண்ட்ரிக் லமார் திடீர்னு ஒரு ஆல்பம் விட்டாரே, அது இந்த லிஸ்ட்ல இருக்காது, அடுத்த வருஷக் கணக்குல போயிடும், ஆனா அதே வருஷம் மே மாசம் வந்த அவரோட 'நாட் லைக் அஸ்' இருக்கும். 'ஏன் இத விட்டுட்டாங்க'னு கோவப்படறதுக்கு முன்னாடி ரிலீஸ் தேதிய ஒரு தடவ பாத்துடுங்க, பாதி கோவம் அங்கயே போயிடும்.

அடுத்தது ரெக்கார்ட் ஆஃப் தி இயர், சாங் ஆஃப் தி இயர், இந்த ரெண்டும் ஒண்ணு தானேனு எல்லாரும் கேக்கறாங்க. நம்ம ஊர் கணக்குல சொன்னா சட்டுனு புரியும். தியாகராஜர் கிருதிய யார் வேணா பாடலாம், யார் பாடினாலும் கிருதி தியாகராஜரோடது. அந்த கிருதிக்கு குடுக்கிற பரிசு தான் சாங் ஆஃப் தி இயர், அது எழுதி மெட்டு போட்டவங்களுக்கு போகும், பாடினவர் எழுதலைனா அவருக்கு அதுல பங்கு கிடையாது. அந்த கிருதிய ஒருத்தர் ஒரு நாள் ஸ்டுடியோல பாடி, அத இன்னொருத்தர் பதிவு பண்ணி, இன்னொருத்தர் மிக்ஸ் பண்ணி ஒரு டிராக்கா வெளிய வருதே, அந்த குறிப்பிட்ட டிராக்குக்கு குடுக்கிறது ரெக்கார்ட் ஆஃப் தி இயர், பாடினவர், புரொட்யூசர், சவுண்ட் இன்ஜினியர் எல்லாருக்கும் சேர்ந்து. இதுக்கு அழகான உதாரணம் 1994. விட்னி ஹூஸ்டனோட 'ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ' ரெக்கார்ட் ஆஃப் தி இயர் வாங்குச்சு, சாங் ஆஃப் தி இயர் வேற பாட்டுக்கு போச்சு. ஏன்னா அந்த பாட்டு டாலி பார்ட்டன் எழுதி 1974-லயே பாடினது. பாட்டு பழசு, பதிவு தான் புதுசு. இத ஒரு தடவ மனசுல வாங்கிட்டீங்கனா மத்த பிரிவெல்லாம் தானா புரியும், பெர்ஃபார்மன்ஸ்னு வந்தா பாடின விதம் வாசிச்ச விதம், ஆல்பம்னு வந்தா முழு தொகுப்பு.

67-வதுல ரெக்கார்ட், சாங் ரெண்டையும் 'நாட் லைக் அஸ்' தான் எடுத்துச்சு, கெண்ட்ரிக்குக்கு அன்னைக்கு மொத்தம் 5. ஆல்பம் ஆஃப் தி இயர் பியான்ஸேவோட 'கவ்பாய் கார்ட்டர்', புதுமுகம் சாப்பல் ரோன். சரி, இது எல்லாருக்கும் தெரிஞ்ச பகுதி, இதுல ரொம்ப நேரம் நிக்க வேணாம்.

இப்போ முக்கியமான விஷயம். டிவில காட்டுற விழாவுல குடுக்கிறது சுமார் பத்து விருது தான். மிச்சம் எண்பது சொச்சம் அன்னைக்கு மத்தியானமே பிரீமியர் செரிமனினு தனியா நடக்கும், ஆன்லைன்ல ஃப்ரீயா காட்டுவாங்க. லாஸ் ஏஞ்சலஸ் மத்தியானம் 12.30 மணினா நமக்கு திங்கக்கிழம விடியகாலம் 2 மணி, அங்க சாயங்காலம் 5 மணிக்கு ஆரம்பிக்கிற பெரிய விழா நமக்கு காலைல 6.30. தூக்கம் கெடாம பாக்கணும்னா பெரிய விழாவ பாருங்க, இசை தெரிஞ்சிக்கணும்னா மத்தியான விழாவ ரெக்கார்டிங்ல பொறுமையா பாருங்க. ஜாஸ், கிளாசிக்கல், ஃபோக், புளூஸ், ரெக்கே, குளோபல் மியூசிக் எல்லாம் அங்க தான். நம்ம ஆளுங்க ஜெயிக்கிறதும் பெரும்பாலும் அங்க தான்.

2023 வரைக்கும் அதிகமா கிராமி வாங்கினவர் யார்னு யாரையாவது கேளுங்க, மைக்கேல் ஜாக்சன்பாங்க. இல்ல, ஜார்ஜ் ஷோல்டினு ஒரு கிளாசிக்கல் கண்டக்டர், அதாவது ஆர்கெஸ்ட்ராவ நடத்துறவர், 31 வாங்கினவர். 2023-ல தான் பியான்ஸே அவர தாண்டினாங்க, 2025-ல அவங்க கணக்கு 35 ஆச்சு. அத்தன வருஷம் முதல் இடத்துல இருந்த ஒருத்தர் பேரே நமக்கு தெரியலைனா லிஸ்ட்டோட எவ்வளவு பெரிய பகுதிய நாம பாக்காம விட்டிருக்கோம்னு யோசிச்சு பாருங்க.

சரி, 94 பிரிவையும் எப்படி கேக்கிறது? வரிசையா கேக்காதீங்க, பத்தாவதுலயே விட்டுடுவீங்க. தெரிஞ்ச ஒரு பேர பிடிச்சுக்கிட்டு அந்த கைய விடாம அடுத்த ஆளுக்கு போங்க. நான் செஞ்ச வழிய அப்படியே சொல்றேன்.

2024 பிப்ரவரில நடந்த 66-வது விழா. பெஸ்ட் குளோபல் மியூசிக் ஆல்பம், நம்ம இசையையும் ஜாஸையும் கலந்து வாசிக்கிற சக்தி குழுவோட 'திஸ் மொமென்ட்'. ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், ஜாகிர் உசேன் தபலா, சங்கர் மகாதேவன் குரல், நம்ம கணேஷ்-குமரேஷ்ல வர்ற கணேஷ் ராஜகோபாலன் வயலின், செல்வகணேஷ் கஞ்சிரா. அந்த பேர்ல 1977-க்கு அப்புறம் ஸ்டுடியோல பண்ண ஆல்பம் இது தான். நம்ம நியூஸ் இதோட நின்னுடுச்சு. ஆனா அதே நாள் லிஸ்ட்ல ஜாகிர் உசேன் பேர தேடினீங்கனா இன்னும் ரெண்டு இடத்துல இருக்கும், குளோபல் மியூசிக் பெர்ஃபார்மன்ஸ் ஒண்ணு, கன்டெம்பரரி இன்ஸ்ட்ருமென்டல் ஆல்பம் ஒண்ணு. ரெண்டுலயும் கூட இருக்கிறவங்க பேலா ஃப்ளெக், எட்கர் மேயர், புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியா. இங்க நில்லுங்க. பேலா ஃப்ளெக் யாரு? பேஞ்சோனு கிட்டார் மாதிரி ஒரு தந்தி வாத்தியம் வாசிக்கிறவர், 2022-ல பெஸ்ட் புளூகிராஸ் ஆல்பம் வாங்கினவர். புளூகிராஸ்னா அமெரிக்க மலைப்பக்கத்து தந்தி வாத்திய இசை, அதிவேகமா ஒருத்தர் விட்டத ஒருத்தர் பிடிச்சு வாசிப்பாங்க, தனி ஆவர்த்தனம் கேட்டு பழகின காதுக்கு ரொம்ப சீக்கிரம் பிடிச்சிடும். எட்கர் மேயர் யாரு? டபுள் பாஸ் வாசிக்கிற கிளாசிக்கல் ஆளு, யோ-யோ மா கூட சேர்ந்து பண்ண ஆல்பத்துக்கு 2013-ல ஃபோக் ஆல்பம் கிராமி வாங்கினவர். யோ-யோ மா வாசிக்கிற செல்லோவுலேர்ந்து (பெரிய வயலின் மாதிரி வாத்தியம்) நீங்க ஜெர்மன் இசைமேதை பாக் பக்கம் போலாம். பாத்தீங்களா, தபலாவுல ஆரம்பிச்சு ரெண்டே தாவல்ல புளூகிராஸ், ஃபோக், கிளாசிக்கல் மூணு கதவு தொறந்துடுச்சு, ஒண்ணுகூட அந்நியமா தெரியல, ஏன்னா நமக்கு தெரிஞ்ச ஆள் கூட உக்காந்து வாசிச்சவர் வழியா போறோம்.

அந்த செல்வகணேஷ் பேர பிடிச்சு பின்னாடியும் போங்க. அவர் அப்பா விக்கு விநாயக்ராம், கடம். 1992 விழாவுல முதல் முதலா பெஸ்ட் வேர்ல்ட் மியூசிக் ஆல்பம்னு ஒரு பிரிவு வந்துச்சு, முதல் வருஷமே அத வாங்கினது 'பிளானட் டிரம்'. கிரேட்ஃபுல் டெட்ங்கற அமெரிக்க ராக் குழுவோட டிரம்மர் மிக்கி ஹார்ட் சேர்த்த குழு, ஜாகிர் உசேன், விக்கு ஐயா, நைஜீரியாவோட பாபாதுண்டே ஒலாதுஞ்ஜி, பிரேசிலோட ஐர்ட்டோ மொரெய்ரா, போர்ட்டோ ரிக்கோவோட ஜியோவானி ஹிடால்கோனு தாளக்காரங்களா சேர்ந்து பண்ணது. அப்பா மண் பானைல வாசிச்ச ஆல்பம் அந்த விருத வாங்கி 32 வருஷம் கழிச்சு பையன் கஞ்சிராவுக்கு வாங்குறாரு. எனக்கு இத நினைச்சா இப்பவும் மெய் சிலிர்க்கும். அந்த ஆல்பம் கேக்கும்போது கடம் எங்க வருதுனு மட்டும் காத குடுத்து கேளுங்க, அப்புறம் சுத்தி இருக்கிற ஆப்பிரிக்க டிரம், கொங்கா எல்லாம் தனித்தனியா பிரிஞ்சு கேக்க ஆரம்பிக்கும்.

பிரிவு பேர நம்பி மட்டும் நம்மாளுங்கள தேடாதீங்க, இது தனியா சொல்லணும். இந்தியர்னா குளோபல் மியூசிக்ல தான் இருப்பாங்கனு நினைச்சா நிறைய பேர தவற விட்டுடுவோம். ரவிசங்கர் 1968-ல வயலின் கலைஞர் யெஹுதி மெனுஹின் கூட வாங்கினது சேம்பர் மியூசிக் பிரிவுல, அதாவது சின்ன குழுவா உக்காந்து வாசிக்கிற கிளாசிக்கல் இசை, அப்போ வேர்ல்ட் மியூசிக்னு தனி பிரிவே கிடையாது. ஏ.ஆர்.ரஹ்மான் 2010-ல வாங்கின ரெண்டும் சினிமா இசைப் பிரிவு, 'ஸ்லம்டாக் மில்லியனர்' சவுண்ட்டிராக் ஆல்பத்துக்கு ஒண்ணு, 'ஜெய் ஹோ' பாட்டுக்கு ஒண்ணு. ஃபால்குனி ஷா 2022-ல வாங்கினது குழந்தைகள் ஆல்பத்துக்கு. 2025-ல சந்திரிகா டாண்டன் வாங்கினது நியூ ஏஜ், ஆம்பியன்ட், சான்ட் பிரிவு, 'திரிவேணி' ஆல்பம், தென்னாப்பிரிக்காவோட வவுட்டர் கெல்லர்மன் புல்லாங்குழல், ஜப்பானோட எரு மாட்சுமோட்டோ செல்லோ, சந்திரிகா அம்மா குரல்ல வேத மந்திரம். சென்னைல பொறந்து கிறிஸ்டியன் காலேஜ்ல படிச்சவங்க, இந்திரா நூயியோட அக்கா, பிசினஸ் உலகத்துல பெரிய இடத்துல இருந்தவங்க. 2011 விழாவுக்கே ஒரு தடவ நாமினேட் ஆகி கிடைக்காம போச்சு, 14 வருஷம் கழிச்சு வாங்கினாங்க. அக்கா தங்கச்சி கதைய மட்டும் எழுதின செய்திங்க தான் நிறைய, அந்த புல்லாங்குழலும் செல்லோவும் மந்திரத்த எப்படி தாங்கி பிடிக்குதுனு ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அதனால பேர தேடுறப்போ பிரிவ விட்டுட்டு கிரெடிட்ட தேடுங்க. ஆல்பம் பேருக்கு கீழ சின்ன எழுத்துல புரொட்யூசர், இன்ஜினியர், மிக்ஸர்னு வரும் பாருங்க, அது தான் தங்கம். 'ஸ்லம்டாக்' சவுண்ட்டிராக் விருதுல இன்ஜினியரா எச்.ஸ்ரீதர் பேரும் இருக்கு. நம்ம தமிழ்ப் பாட்டு எத்தனையோ அவர் கைல மிக்ஸ் ஆகி தான் நம்ம காதுக்கு வந்துச்சு, 2008 டிசம்பர்லயே இறந்துட்டாரு, விருது வர்றப்போ அவர் இல்ல. இந்த மாதிரி பேரெல்லாம் தலைப்புச் செய்தில வராது, கிரெடிட் படிச்சா தான் தெரியும்.

இப்போ பியான்ஸே ஆல்பத்துக்கு வருவோம், ஏன்னா ஒரு ஆல்பத்த வச்சே எப்படி பிரிவு தாண்டி போறதுனு இதுல நல்லா பழகலாம். 'கவ்பாய் கார்ட்டர்' அன்னைக்கு பெஸ்ட் கன்ட்ரி ஆல்பமும் வாங்குச்சு, கன்ட்ரினா அமெரிக்க கிராமத்துப் பக்கத்துலேர்ந்து வந்த பாட்டு வகை. ஆனா கன்ட்ரி இசைக்குனே தனியா நடக்கிற சிஎம்ஏ விருதுல 2024-ல அதுக்கு ஒரு நாமினேஷன்கூட இல்ல. ஒரே ஆல்பம், ரெண்டு விருது, நேர் எதிர் முடிவு. ஏன்னா ஓட்டு போடுறவங்க வேற. கிராமிக்கு ஓட்டு போடுறது அத நடத்துற ரெக்கார்டிங் அகாடமியோட ஓட்டுரிமை உள்ள உறுப்பினர்கள், 2025 விழா சமயத்துல சுமார் 13,000 பேர், பாடுறவங்க, எழுதுறவங்க, இன்ஜினியர்னு தொழில்ல இருக்கிறவங்க மட்டும். பொதுவான பெரிய 6 பிரிவுல எல்லாரும் போடலாம், அதுக்கு மேல 3 துறைக்குள்ள 10 பிரிவு வரைக்கும் தான் போட முடியும். இப்படி கட்டுப்பாடு வைக்க காரணம் இருக்கு. 1989-ல ஹார்ட் ராக், மெட்டல் ரெண்டுக்கும் சேர்த்து புதுசா ஒரு பிரிவு வச்சாங்க, எல்லாரும் மெட்டல் குழுவான மெட்டாலிக்காவுக்கு தான்னு நினைச்சாங்க, புல்லாங்குழல் வச்சு பாடுற ஜெத்ரோ டல் குழுவுக்கு போச்சு. கூட்டமே திகைச்சுப் போச்சு. அடுத்த வருஷமே ரெண்டையும் பிரிச்சாங்க, மெட்டாலிக்கா மெட்டல்ல வாங்குச்சு. அந்த துறைய கேக்காதவங்க தெரிஞ்ச பேருக்கு ஓட்டு போட்டா இப்படி தான் ஆகும். அதனால ஒரு துறைய புதுசா கேக்க ஆரம்பிக்கிறவங்க ஜெயிச்சத மட்டும் கேக்காதீங்க, நாமினேட் ஆன அஞ்சையும் கேளுங்க. என் அனுபவத்துல எனக்கு ரொம்ப நாள் கூட வந்தது பாதி நேரம் தோத்த நாலுல ஒண்ணு தான்.

'கவ்பாய் கார்ட்டர்'ல 'டெக்சஸ் ஹோல்டெம்' பாட்டு ஆரம்பத்துல ஒரு பேஞ்சோ வரும். வாசிச்சது ரியானன் கிடன்ஸ். அவங்க பேர கிராமி லிஸ்ட்ல தேடினா 2022 ஃபோக் ஆல்பம், அதுக்கு முன்னாடி 2011-ல கரோலினா சாக்லேட் டிராப்ஸ் குழுவோட ஒண்ணு. பேஞ்சோ ஆப்பிரிக்காவுலேர்ந்து அடிமைங்களா கொண்டு போகப்பட்டவங்க கைல வந்த வாத்தியம்ங்கறத பல வருஷமா எடுத்து சொல்லிட்டு வர்றவங்க அவங்க. நம்ம பேலா ஃப்ளெக் ஞாபகம் இருக்கா, அவரும் அதே பேஞ்சோவ தூக்கிட்டு ஆப்பிரிக்கா போய் அங்க இருக்கிற கலைஞர்களோட பதிவு பண்ண ஆல்பத்துக்கு 2010-ல வேர்ல்ட் மியூசிக் பிரிவுல வாங்கினாரு. பியான்ஸேலேர்ந்து கிளம்பினாலும் ஜாகிர் உசேன்லேர்ந்து கிளம்பினாலும் ஒரே வாத்தியத்துல வந்து சந்திக்குது. இத நான் முதல்ல கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி தூங்கவே இல்ல.

67-வதுல மத்த துறைக்கு எங்க ஆரம்பிக்கலாம்னு என் விருப்பத்த வேகமா சொல்லிடறேன். ஃபோக்ல கிலியன் வெல்ச், டேவிட் ராலிங்ஸ் ரெண்டு பேரோட 'உட்லாண்ட்', ராத்திரி சத்தமில்லாம கேக்கணும். புளூகிராஸ்ல பில்லி ஸ்ட்ரிங்ஸ் லைவ் ஆல்பம். கிளாசிக்கல் ஆர்கெஸ்ட்ரால மெக்சிகோவோட காப்ரியேலா ஓர்டிஸ் எழுதி, கண்டக்டர் டுடமெல் நடத்தின பதிவு, அது அன்னைக்கு மூணு விருது எடுத்துச்சு, தாளம் பிடிச்சவங்களுக்கு நிச்சயம் பிடிக்கும், கிளாசிக்கல்னா தூக்கம் வரும்னு சொல்றவங்களுக்கு முதல்ல இத தான் போட்டுக் காட்டுவேன். மெட்டல்ல கொஜிராங்கற பிரெஞ்சு குழு, கூட மரீனா வியோட்டினு ஓபரா பாடகி, 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவுல ஆத்தங்கரைல பண்ணாங்களே அந்த பாட்டு, மெட்டலும் ஓபராவும் ஒரே டிராக்ல கிடைக்குது. ராப்ல டோச்சி, ராப் ஆல்பம் பிரிவுல ஜெயிச்ச மூணாவது பெண், அதுக்கு முன்னாடி லாரின் ஹில் ஃபூஜீஸ் குழுவோட, அப்புறம் கார்டி பி. ராக் பெர்ஃபார்மன்ஸ் பீட்டில்ஸ், ஜான் லெனன் வீட்டு கேசட்ல பாடி வச்ச குரல கம்ப்யூட்டர் உதவியோட பிரிச்செடுத்து முடிச்ச பாட்டு. பாப் பத்தி நான் சொல்ல ஒண்ணும் இல்ல, அது தானா உங்க காதுக்கு வந்துடும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, இத ஷேர் பண்றதுக்கு முன்னாடி பாருங்க. 'கிராமிக்கு தேர்வு'னு வர்ற நியூஸ் பலதும் வெறும் பரிசீலனைக்கு அனுப்பினது தான். வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான பதிவு அப்படி அனுப்புவாங்க, முதல் சுற்று ஓட்டுக்கு தகுதி ஆகும், அது நாமினேஷன் இல்ல. நாமினேஷன்னா பொதுவா பிரிவுக்கு அஞ்சு, ரெக்கார்ட், ஆல்பம், சாங், புதுமுகம் இந்த நாலுல மட்டும் எட்டு, அவ்ளோ தான். அப்புறம் ஜெயிச்ச ஆல்பத்துல ஒரு பாட்டுல மட்டும் வாசிச்சவங்களும் இருப்பாங்க. ஆல்பம் ஆஃப் தி இயருக்கு இப்போ இருக்கிற விதிப்படி மொத்த நேரத்துல 20 சதவீதமாவது பங்களிச்சிருந்தா தான் நாமினி கணக்கு, அதுக்கு கீழனா அந்த கோப்பை அவங்களுக்கு வராது. அவங்க உழைப்பு சின்னது இல்ல, ஆனா 'கிராமி வென்றார்'னு நாம போட்டா அவங்கள தான் சங்கடத்துல விடுறோம். லத்தீன் கிராமி வேற விருது, 2000-லேர்ந்து தனி அமைப்பு நடத்துது, அதயும் இதோட கலக்காதீங்க. சந்தேகமா இருந்தா கிராமியோட சொந்த வெப்சைட்ல கலைஞர் பேர போட்டு தேடுங்க, எத்தன ஜெயிச்சாங்க, எத்தன நாமினேஷன்னு தனித்தனியா போட்டிருப்பாங்க, ரெண்டு நிமிஷ வேலை.

ஆரம்பிக்கிறவங்க ஒரு நோட்டு வச்சுக்கோங்க, போன்லயும் எழுதலாம். ஒரு நாளைக்கு ஒரு ஆல்பம் போதும். கேட்டதும் அதுல உங்கள இழுத்த ஒரு சத்தத்த எழுதுங்க, குரலா, வயலினா, டிரம்மா, அப்புறம் கிரெடிட்ல போய் அத வாசிச்சவர் பேர பக்கத்துல எழுதுங்க, நாளைக்கு அந்த பேர்லேர்ந்து போங்க. இன்னைக்கு ராத்திரி முதல் ஆல்பமா 'திஸ் மொமென்ட்' போடுங்க, ஹெட்போன் வச்சு, கஞ்சிரா உள்ள வர்ற இடத்துல சவுண்ட கொஞ்சம் கூட்டிக்கோங்க.